காலி நாற்காலியிடம் பேசியவள்

ஊரப்பாக்கத்தில் அவளுடைய பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு ஜி.எஸ்.டி ரோட்டில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். ரயில் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. ஏறியிருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கலாம். போய்ச் சேர ஓர் இடம் இருப்பவனுக்குத்தான் அந்த அவசரம். அன்று காலை பம்மலில் மாடியைக் காலி செய்யச் சொன்னபோது அத்தை அவளோடு என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். என் பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, கொஞ்சம் ஸ்பானர். எந்த ஊரிலிருந்தும் இதற்கு மேல் நான் எடுத்துக்கொண்டு வந்ததில்லை.

பண்டிகை நெருங்கியிருந்தது. தெற்கே போகும் வண்டிகள் நகரவே இல்லை. பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிறவர்கள் பாதி ரோடு வரைக்கும் இறங்கி பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் ஒருவன்தான் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தேன். மூட்டையும் பையுமாக நின்ற ஓர் ஆள் என்னை நிறுத்தினார்.

"அண்ணா, அந்தாண்ட ஜாம் எப்டி கீது?"

"வண்டலூர் வரைக்கும் இதே கதிதான்."

"சுத்த பேஜாரு," என்றார், நான்தான் ஜாமைப் போட்டுவிட்டு வந்ததுபோல.

நடக்கும்போது அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அத்தை வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவளை நம்பலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே இருந்தவன் நான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவைத்த பிறகும் அந்த யோசனை முடியவில்லை. அவள் பேரை இங்கே எழுதவில்லை. அவளும் யார் பேரையும் சொல்ல மாட்டாள். எதைச் சொன்னாலும் "ஒருத்தங்க" என்பாள். "ஒருத்தங்க வந்தாங்க, ரொம்ப நேரம் அழுதாங்க." யார், எந்த ஊர், என்ன வியாதி என்று ஒன்றும் வராது.

நான் பம்மலுக்கு வந்தது போக்கிடம் இல்லாமல். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் போவதை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, மங்களூரில் பரோட்டாக் கடை, கடைசியாக ஆந்திராவில் போர்வெல் லாரி. அங்கே குழாய் நழுவி இடது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. கை ஆறும் வரைக்கும் இருக்கலாம் என்று அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்கா வீடு என்றாலும் அத்தை வீடு என்றாலும் ஒன்றுதான். அப்பாவின் அக்காதான் அத்தை. அத்தை மகனுக்குத்தான் அக்காவைக் கொடுத்திருந்தது. அத்தையைக் கொடுத்ததும் அவளுடைய தாய்மாமனுக்கு. எங்கள் வகையறாவில் பெண்ணை வெளியே கொடுத்தால் நிலம் வெளியே போய்விடும் என்று பயம். இப்போது நிலம் போய் அந்த இடத்தில் வாடகை வீடுகள் இருக்கின்றன. மச்சான் மணல், சிமென்ட் கடை வைத்திருக்கிறார். பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அக்காவின் முதல் குழந்தை ஏழாவது மாதத்தில் செத்துப்போனது. பெண் குழந்தை. கண் மட்டும் நன்றாகப் பார்க்கும், ஆளைப் பார்த்தால் சிரிக்கும். தலை நிற்கவே இல்லை. தூக்கினால் ஈரத் துணி மாதிரி கையில் தொங்கும். பிறகு மூச்சு விடக் கஷ்டப்பட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது குடும்பத்துல வர்றது. அடுத்த குழந்தைக்கு முன்னாடி வந்து பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். யாரும் போகவில்லை. அத்தைதான் அதற்கு ஒரு முடிவு சொல்லிவிட்டாளே: "எங்க வூட்ல இந்த மாரி ஒண்ணு கெடையாது. இது உங்கம்மா கொண்டாந்த ரத்தம்." எங்கள் அம்மா தூரத்து ஊர்க்காரி. அந்த வகையறாவில் வெளியிலிருந்து வந்த ஒரே பெண் அவள்தான். செத்துப்போய்விட்டதால் பதில் சொல்லவும் வர மாட்டாள்.

நான் வந்த சமயம் அக்கா மறுபடி உண்டாகியிருந்தாள். அத்தை காயைக் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அக்கா காதில் விழுகிற மாதிரி சொல்வாள்: "இதுவும் அதே மாரி ஆச்சுன்னா, எம்புள்ளைக்கு நான் வேற வழி பாக்க வேண்டியதுதான்." வேற வழி என்றால் இரண்டாவது கல்யாணம். மச்சான் எதுவும் சொல்ல மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஷீட் போட்ட அறையில் நான். அந்தப் பக்கம் சமையல் மேடையோடு ஒற்றை அறையில் அவள். முதலில் எனக்குக் கிடைத்தது அவள் குரல்தான். ஒரு சாயங்காலம் படுத்திருந்தபோது வெளியே பேச்சுக் கேட்டது.

"இது உங்க தப்பு இல்ல. நீங்க சாப்பிட்டதாலயோ, கிரகணத்துல வெளிய வந்ததாலயோ வந்தது இல்ல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மறுபடி அதே குரல், கொஞ்சம் மெதுவாக:

"இது நீங்க பண்ணின எதனாலயும் வந்தது இல்ல."

எட்டிப் பார்த்தேன். அவள் கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் இல்லை. நாற்காலியின் கைமேல் மடித்த கைக்குட்டை ஒன்று வைத்திருந்தாள். காலி நாற்காலியையே பார்த்தபடி இருந்தாள்; அது அழுது முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல இருந்தது. பைத்தியம் என்று முடிவு செய்து கதவுக்கு உள்தாழ் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அத்தையிடம் சொன்னேன். அத்தை சிரித்தாள். வீடு பார்க்க வந்த அன்றே அவளை நிற்கவைத்து விசாரித்திருக்கிறாள். அந்த விசாரணையை அத்தை எனக்கு நடித்தே காட்டினாள்.

"டாக்டரான்னேன். இல்ல ஆன்ட்டின்னா. நர்ஸான்னேன். அதுவும் இல்லியாம். ஊசி போடுவியான்னேன். போட மாட்டாளாம். மருந்து குடுப்பியா? குடுக்க மாட்டாளாம். அப்ப இன்னாதாம்மா உன் படிப்புன்னேன். ஜெனடிக் கவுன்சலிங்காம். குடும்பத்துல வர்ற சீக்கப் பத்தி கேப்பாளாம், அப்பறம் புரியிற மாரி சொல்லுவாளாம். கேக்கறதுக்கு ஒரு படிப்பாடா? நம்ம தெருவுல எல்லாரும் அதத்தானே பண்ணிகினு கீறாங்க!"

தெருவில் யாரும் அந்தப் படிப்பை நம்பவில்லை. டீக்கடையில் ஒருவர், கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டை வேவு பார்க்கிற ஏஜென்சி ஆள் அவள் என்றார். இன்ஷூரன்ஸ்காரி என்று ஒருவர். பின்வீட்டுப் பெண் ஒரு கவரில் ஆப்பிளோடு படியேறி வந்து, தன் மருமகள் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். அப்படிச் சொல்லக் கூடாது, சட்டப்படி குற்றம், தனக்கு அது பார்க்கவும் தெரியாது என்று இவள் பொறுமையாகச் சொல்லி ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண் இறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "தெரிஞ்சிகினே சொல்ல மாட்டேங்கறா. முயி முயின்னு முயிக்கிறா பாரு."

எனக்கும் அதே எண்ணம்தான். என் அனுபவத்தில் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிறவர்கள் மூன்றே வகை: போலீஸ், கடன் வசூல், சம்பந்தம். மூன்றும் நம் நன்மைக்கு வருவதில்லை.

இன்னொரு பழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. மாடித் தரையில் சாக்பீஸால் கட்டமும் வட்டமும் போடுவாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர்மேல் குறுக்கே ஒரு கோடு. கல்யாணத்துக்கு நடுவில் ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. பரீட்சைக்குப் பழகுகிறாளாம். முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி விளக்குமாற்றால் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போவாள். நான் சொல்லிக் கேள்விப்பட்டிருந்த அத்தை, குழாயில் இறங்கிய தண்ணீர் காலில் பட்டு ஒருநாள் கீழிருந்தே கேட்டாள்: "இன்னாடி இது, கோலமும் இல்ல ஒண்ணும் இல்ல? போட்டத வேற கயுவி உட்டுட்ற?" "வேற ஒருத்தங்க வீட்டு விஷயம் ஆன்ட்டி, கால்ல மிதிபடக் கூடாது," என்றாள். போட்டதை உடனே அழிப்பவர்களை நான் நம்புவதில்லை. லாரியில் வேலை பார்த்தபோது கணக்கை அழித்து எழுதுகிற மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒரு ஹெல்ப். நாளைக்கு எனக்கு ப்ராக்டிகல். நாற்காலி பதில் சொல்ல மாட்டேங்குது. நீங்க பேஷன்ட் மாதிரி உக்காருவீங்களா?"

"எனுக்கு இன்னா வியாதி?"

"நீங்களே ஏதாவது ஒரு குடும்பம் சொல்லுங்க. கற்பனையாவே சொல்லுங்க."

உட்கார்ந்தேன். கைக்குட்டையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. வேறு கதை தெரியாததால் எங்கள் கதையையே யாரோ ஓர் ஆள் கதையாகச் சொன்னேன். அவனுக்கு ஓர் அக்கா, அக்காவுக்கு ஒரு குழந்தை செத்துப்போச்சு என்று. அவள் தரையில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்த அக்காவ யாருக்குக் குடுத்தாங்க?"

"அத்த புள்ளைக்கு."

இரட்டைக் கோடு.

"அந்த அத்தைய?"

"அவங்க தாய்மாமனுக்கே."

இன்னோர் இரட்டைக் கோடு. நான் சொல்லச் சொல்ல எங்கள் வீடு முழுக்கத் தண்டவாளம் மாதிரி ஆகிவிட்டது.

"அந்த அத்தைக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணு. பையன்."

அவள் சாக்பீஸைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பொறந்தது ஒண்ணா, இருக்கறது ஒண்ணா?"

 எங்கள் வீட்டில் அப்படி யாரும் கேட்டதில்லை. எத்தனை பிள்ளை என்றால் இருப்பதைத்தான் சொல்வோம். சட்டென்று கோபம் வந்தது.

"இந்தாம்மா, பாடம்னு சொல்லிகினு எங்க வூட்டு கதையக் கறக்கறியா நீ?"

"கற்பனைன்னு சொன்னீங்களேண்ணா," என்றாள். கிண்டல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு வாளியைக் கவிழ்த்தாள். எங்கள் வகையறா மொத்தமும் தண்ணீரில் கரைந்து மழைநீர்க் குழாய் வழியாகப் போனது.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் ஆட்கள் மாடி ஏற ஆரம்பித்தார்கள். முதலில் அக்கா. கொடியில் துணி எடுக்க வந்தவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கைக்குட்டையை எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்று இரவே அக்காவிடம் கேட்டேன்: "இன்னா சொன்னா அவ?"

"ஒண்ணும் சொல்லலடா. அவ படிக்கிற ஆஸ்பத்திரில ஒரு மேடம் கீறாங்களாம். நானும் அவரும் ரத்தம் குடுத்தா, இது எங்கேர்ந்து வருதுன்னு பாப்பாங்களாம். ரெண்டு பக்கத்துலயும் இருந்தாதான் கொயந்தைக்கு வருமாம். அப்பறம் வயித்துல இருக்கறதுக்கும் பாக்கலாமாம். ஆனா சீக்கிரம் போவணும், நாள் தள்ளிப் போச்சுன்னா முடியாதாம்."

"போலாமா வேணாமான்னு சொன்னாளா?"

"அத மட்டும் சொல்ல மாட்டேங்கறா. 'அது உங்க முடிவுக்கா. பாத்தா என்ன தெரியும், பாக்கலன்னா என்ன தெரியாதுன்னு மட்டும்தான் நான் சொல்லலாம்'ங்கறா. அப்பறம் ஒண்ணு கேட்டா. 'இத வீட்ல யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுதா'ன்னு."

"நீ இன்னா சொன்ன?"

அக்கா தட்டைக் கழுவப் போனாள். ரத்தம் கொடுத்து, அது அம்மா வழியில் வந்ததுதான் என்று தெரிந்துவிட்டால்? அதுதான் அவள் பயம். பயத்தோடு நாளும் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து மச்சான். மோட்டாரைப் பார்க்கிறேன் என்று வந்தார். தொட்டி மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். அவர் உட்கார்ந்து பேசியதை நான் என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். என்ன பேசினார் என்று காதில் விழவில்லை. நான் ஷீட் அறையின் ஓட்டையில் காதை வைத்துத்தான் இருந்தேன், தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு அத்தை ஏறி வந்தாள். முட்டி வலி என்று கோயில் படியே ஏறாதவள். கையில் மூடி போட்ட கிண்ணத்தில் கேசரி. அன்றைக்குத் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் எனக்குக் கேட்டதெல்லாம் நீண்ட மௌனம். நடுவில் ஒருதரம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அத்தை இறங்கிப் போகும்போது சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். கிண்ணத்தை மறந்துவிட்டாள்.

அக்காவை வெட்டிவிட ஏற்பாடு நடக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அத்தை இவளிடம் ஏதோ எழுதி வாங்கப் பார்க்கிறாள். இவளும் கேசரியைத் தின்றுவிட்டு எழுதிக் கொடுத்துவிடுவாள். நேராகப் போய்க் கேட்டேன்.

"எங்கத்த இன்னா சொல்லுச்சி?"

"அவங்க சொன்னது அவங்களோடதுண்ணா. அவங்களையே கேளுங்க."

"எனுக்கு எல்லாம் தெரியும்."

"அப்ப சரிண்ணா."

"எங்கக்காவ அனுப்பிட்டு வேற பொண்ணு பாக்கத்தானே?"

அவள் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, நாளைக்கு உங்க அத்தை வந்து நீங்க என்ன பேசினீங்கன்னு கேட்டா, நான் சொல்லணுமா?"

திரும்பி என் அறைக்கு வந்தேன். ஆனால் நம்பிக்கை வரவில்லை. பூட்டிய கடையைப் பார்த்தால் உள்ளே எதுவோ இருக்கிறது என்றுதானே தோன்றும். அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. தாம்பரத்தில் ரத்த சாம்பிள் எடுக்கிற சென்டரில் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேடுகிறார்கள், போகிறீர்களா என்று கேட்டாள். "எனக்குக் கேசரியா?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அல்லது புரியாத மாதிரி இருந்தாள்.

மாடியைக் காலி செய்யச் சொன்ன அன்று காலை நடந்தது இதுதான். மச்சான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அக்கா அடுப்படியிலிருந்தே, திரும்பாமல் சொன்னாள்:

"நாளைக்கு அந்தப் பொண்ணு படிக்கிற ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கீறேன். இவரும் வரணும். இன்னும் தள்ளினா பாக்க முடியாதாம்."

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"எதுக்கு அவன் வரணும்?" என்றாள் அத்தை.

"ரெண்டு பேர் ரத்தத்துலயும் இருந்தாதான் வருமாம் அத்தே. உங்க வூட்டுப் பக்கமும் பாக்கணுமாம்."

இவ்வளவுதான் அக்கா சொன்னது. அத்தை தேங்காய் மூடியைத் தரையில் போட்டாள். அது உருண்டு மச்சான் தட்டில் முட்டி நின்றது.

"சொல்லிட்டாளா? அந்த மாடிக்காரி உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாளா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு… என் ரெண்டு கொயந்தையும் துவண்டு துவண்டு செத்துச்சே, அதையும் சொல்லிட்டாளா? எருக்கம் புதர்ல எந்த எடத்துல பொதைச்சேன்னு அதையும் சொன்னாளா உனுக்கு?"

அக்கா இப்போதுதான் திரும்பினாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"எந்த ரெண்டு கொயந்த அத்தே?"

அத்தை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மச்சானை. பிறகு என்னை. எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவளுக்கு ஒவ்வொரு முகமாகப் புரிந்துகொண்டு வந்தது. மாடிக்காரி சொல்லவில்லை. சொன்னது இவளேதான்.

 வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் அக்கா ஏதாவது சொல்லி மழுப்புவாள். அன்று அவள் மாடி நாற்காலிக்கு எதிரே இருப்பவள் மாதிரி, அத்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். கடைசியில் அத்தையே பேசினாள். யாரிடம் என்றில்லாமல், துருவிய தேங்காயிடம் சொல்வதுபோல.

"இவனுக்கு முன்னாடி ரெண்டு. தல நிக்கல. எம் மாமியாக்காரி, காமாலைன்னு ஊருக்குச் சொல்லிடு, இல்லாங்காட்டி நம்ம வூட்டுக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்னா. அதான் சொன்னேன். அதையே சொல்லிகினு இருந்தேன்."

மச்சான் கையைத் தட்டிலேயே கழுவினார். "நாளைக்குப் போறோம்," என்றார் அக்காவிடம். அந்த வீட்டில் அவர் எடுத்து நான் பார்த்த முதல் முடிவு.

அழுது முடித்ததும் அத்தைக்குக் கோபம் தேவைப்பட்டது. மகன்மேல் காட்ட முடியாது, அக்காமேல் இனிமேல் காட்டவே முடியாது. முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். நானும் பின்னால் போனேன்.

"இன்னிக்கே காலி பண்ணு. நீ வந்ததுக்கப்பறம்தான் இந்த வூட்ல அல்லாம் வெளிய வருது. டேய், உனுக்கும் சேத்துதான். போவும்போது இவ சாமானத் தூக்கினு போ."

அவள் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கீழே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்தாள். "சரி ஆன்ட்டி. உக்காருங்க, மூச்சு வாங்குது," என்று அந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். அத்தை உட்காரவில்லை. ஆனால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அவளுக்குத் தெரிந்த யாரோ ஊரப்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் சொன்னார்கள். குட்டியானை லோடு வண்டியில் பெட்டிகளோடு நானும் அவளும் முன்னால் உட்கார்ந்து போனோம். குரோம்பேட்டை தாண்டும்போது நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆச்சரியப்பட்ட மாதிரியும் இல்லை, முன்பே தெரிந்த மாதிரியும் இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லலன்னு அத்தைகிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே? வூட்ட உட்டு அனுப்பிருக்க மாட்டாங்களே."

"அப்படிச் சொன்னா, அவங்க எங்கிட்ட ஏதோ சொல்லிருக்காங்கன்னு ஆயிடும்லண்ணா."

"இப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சே."

"அவங்க சொல்லித் தெரிஞ்சது. நான் சொல்லித் தெரியல."

வண்டி தாம்பரம் மேம்பாலம் ஏறியது. என் மனசு சும்மா இருக்கவில்லை. 'பொறந்தது ஒண்ணா, இருக்கறது ஒண்ணா' என்று என்னிடம் கேட்டவள் அத்தையிடமும் கேட்டிருப்பாள். அத்தை மாடி ஏறியது தானாகவா, அல்லது இவள் ஏதாவது தூண்டில் போட்டாளா? மூன்று பேர் தனித்தனியாகக் கொண்டுவந்து கொட்டியதை வைத்துக்கொண்டு, கீழே நடப்பதையும் பார்த்துக்கொண்டு, ஒருத்தியால் எப்படித் தூங்க முடியும்? பெருங்களத்தூரில் வண்டி நின்றபோது கேட்டேவிட்டேன்.

"இந்தப் படிப்ப ஏன் எடுத்த? உங்க வூட்ல யாருக்கனா இருந்துச்சா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே ஒரு பெண் குழந்தைக்கு பலூன் வாங்கிக்கொண்டிருந்தாள். பதில் வரும் என்று காத்திருந்தேன். அவள் என்னைவிட நன்றாகக் காத்திருக்கப் பழகியவள். 

விடுதி வாசலில் கடைசிப் பெட்டியை இறக்கியதும், "உங்க அக்கா நாளைக்கு வந்தா மேடம் பாப்பாங்க. நான் அந்த ரூம்ல இருக்க மாட்டேன்," என்றாள்.

"ஏன்?"

"தெரிஞ்சவங்க வீடு. இருக்கக் கூடாது." பிறகு, "அந்த சென்டர்ல இன்னும் ஆள் தேடறாங்கண்ணா. போறதும் போகாததும் உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அவளுடைய ஊர்கூடத் தெரியாது. எங்கள் வீட்டு மூன்று தலைமுறை அவளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் பெருங்களத்தூர் கூட்டத்தைத் தாண்டித் தாம்பரம் வரைக்கும் நடந்தேன். பழைய கூட்டாளி ஒருத்தனுடைய பஞ்சர் கடையில் படுத்துக்கொண்டேன்.

காலையில் அக்கா போன் செய்தாள். "கெளம்பிட்டோம்டா. மூணு பேரு."

"மூணாவது யாரு?"

"அத்ததான். நாங்க செருப்பு போடறதுக்குள்ள ஆட்டோல ஏறி உக்காந்துகிச்சி."

"சண்ட போடறதுக்கா?"

"தெரியலடா. வாயே தொறக்கல. கேசரிக் கிண்ணம் மாதிரி ஏதோ ஒண்ண மடில வச்சிகினு கீது."

எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அங்கே போய் அத்தை எதையும் மாற்றிச் சொல்லலாம். இரண்டு குழந்தையை மறுபடி காமாலை ஆக்கலாம். ஆனால் வேறு யாரும் வற்புறுத்தாமல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

தாம்பரத்தில் அந்த சென்டரைக் கண்டுபிடித்துப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் விரல்களைப் பார்த்தார்.

"பிரேக் புடிக்க வருமா?"

"வரும் சார்."

"வண்டி நாங்க தர்றோம். பெட்டிய வாங்கணும், ஐஸ் கரையறதுக்குள்ள லேபுக்குப் போவணும். நடுவுல எங்கயும் தொறக்கக் கூடாது. உள்ள நம்பர்தான் இருக்கும், பேர் இருக்காது. யாருது எவருதுன்னு விசாரிக்கக் கூடாது. சரியா?"

சரி என்றேன். நீலப் பெட்டியைச் சீட்டுக்குப் பின்னால் கட்டினார்கள். நாலைந்து ஆஸ்பத்திரியில் போய் ஏற்றிக்கொண்டேன். அதில் ஒன்று அவள் படிக்கிற ஆஸ்பத்திரி. ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள், வாங்கிவைத்தேன். அக்கா அதற்குள் வந்திருப்பாளா, இனிமேல்தான் வருவாளா என்று தெரியாது. நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

பல்லாவரம் சிக்னலில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாபா பொட்டில, பிரியாணியா?"

"ரத்தம்."

"அய்யே! யாருதுபா?"

தெரியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறதா என்று ஒருதரம் பின்னால் கையை விட்டுப் பார்த்துக்கொண்டேன். பச்சை விழுந்தது.